14. சேர்மன் வாங்கித் தந்த தள்ளுபடி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஒரு மசாஜ் நாற்காலியை முன்னிட்டு ஐந்து ஆண்டுகள் ஐந்து மாதங்களாக நடந்துவந்த மாபெரும் போர், இன்று முற்பகல் பதினொரு மணிக்கு, தலையணைக் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் வசூல் நிறுவனத்தின் அலுவலகத்தில், உரிய மரியாதைகளுடன் முடிவுக்குக் கொண்டுவரப்படும்.

மேற்படி அறிவிப்பைச் சேர்மன் காலை ஏழரை மணிக்குத் தன் வீட்டு ஹாலில் நின்று வெளியிட்டார். கூட்டத்தில் அவருடைய மனைவி ஒருவர்தான். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்கும் "மரியாதை" என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

சேர்மன் எந்த வாரியத்துக்கும் தலைவர் அல்ல. அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்துக்குப் பதினொரு மாதம் தலைவராக இருந்தார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது குறித்து இருபத்தெட்டுப் பக்கத் தீர்மானம் ஒன்றை எழுதி முடித்தபோது பதவிக்காலமும் முடிந்துவிட்டது. தொட்டியை அடுத்து வந்தவர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கழுவினார். பட்டம் மட்டும் இவரிடமே தங்கிவிட்டது.

நாற்காலியின் கதை, இடையில் வந்தவர்களுக்காக: ஆறு வருடங்களுக்கு முன் சேர்மன் அதைத் தவணையில் வாங்கினார். அவர் பெயரில் தவணை கிடைக்கவில்லை. அப்போது ஒரு தொலைபேசி நிறுவனத்துடன் இன்னொரு போர் நடந்துகொண்டிருந்தது. புதிதாக வேலைக்குப் போயிருந்த தங்கையைக் கடைக்கு அழைத்துப்போய், "ஒரு கையெழுத்துதானேம்மா" என்றார். தங்கை கையெழுத்துப் போட்டாள். கடைக்காரர் அவளுக்கு இலவசமாக ஒரு கழுத்துத் தலையணை கொடுத்தார். அந்த வியாபாரத்தில் அவளுக்குக் கிடைத்த மொத்த லாபமும் அதுதான்.

பதினோராவது தவணை கட்டிய வாரம் நாற்காலியின் இடது பக்கம் நின்றுபோனது. வலது தோள், வலது இடுப்பு, வலது கெண்டைக்கால் எல்லாம் பிசைந்தது. இடது பாதி சும்மா இருந்தது. பாதி வேலை செய்யும் பொருளுக்கு முழுத் தவணை கட்டுவது கொள்கைக்கு விரோதம் என்று சேர்மன் கட்டுவதை நிறுத்தினார். உட்காருவதை நிறுத்தவில்லை.

கணக்கில் இருந்த முகவரியும் தொலைபேசி எண்ணும் அவருடையவை. ஆகவே எச்சரிக்கைக் கடிதங்கள் எல்லாம் அவருக்கே வந்தன. பதினேழுக்கும் பதிவுத் தபாலில் பதில் எழுதினார். கடன் கடையிடமிருந்து நிதி நிறுவனத்துக்கும், அங்கிருந்து வசூல் நிறுவனத்துக்கும் கைமாறியது. தங்கைக்கு எதுவும் தெரியாது. மூன்று வாரத்துக்கு முன் கடன் கேட்டுப் போன வங்கியில் ஒரு பெண் அதிகாரி கணினித் திரையை அவள் பக்கம் திருப்பியபோதுதான், தன் பெயருக்கு எதிரே எண்பத்து நாலாயிரம் பாக்கி நிற்பதை அவள் பார்த்தாள்.

அவளும் சேர்மனும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதை அந்த அதிகாரி நம்பியிருக்கமாட்டார். அவள் கத்தவில்லை. ஸ்கூட்டரை விற்றாள். சேமிப்பையும் சேர்த்து எண்பத்து நாலாயிரத்தை ஒரு பழுப்பு உறையில் போட்டு, மூன்று தடவை எண்ணி, வாயை ஒட்டினாள்.

தங்கைக்கு வேலை பல் செய்வது. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பீங்கான் பல் கட்டும் கூடத்தில் ஏழு வருடமாக இருக்கிறாள். கூடத்தின் முதலாளிக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. மாதக் கடைசியில் மூடுகிறார். பீங்கான் சுடும் உலையை அவளுக்கே விலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய வாக்குக்கு ஒரு கெடு உண்டு: இன்று மாலை ஆறு மணி. ரொக்கத்தோடு இன்னொருவர் காத்திருக்கிறார்.

உலை கிடைத்தால் சொந்தக் கூடம். கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் முதல் வேலையே கிடையாது.

வங்கி அதிகாரி விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். கடன் ஸ்கோர் கொஞ்சம் குறைவுதான். பழைய தாமதங்கள் பதிவில் இருக்கத்தான் செய்யும். பணம் கட்டினவுடனே எண் எகிறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் பாக்கியை முழுசாகக் கட்டி, முழுசாகக் கட்டியதாக ஒரு கடிதம் கொண்டுவந்தால், ஃபைலில் கையெழுத்துப் போட்டு உலைக் கடனுக்கு ஒப்புதல் தருகிறேன். நாலு மணிக்குள் வாருங்கள்.

தானே போயிருப்பாள். ஆனால் இன்றைக்கென்று ஒரு ஏலக் கூடத்தில் கூவுகிறவருக்கு முன்பற்கள் நான்கு அவசரம். மூன்று மணிக்குள் போயாக வேண்டும். அவர் பல்லில்லாமல் தொகையைக் கூவினால் ஏலத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

அதற்கும் மேல் ஒரு சிக்கல். வசூல் நிறுவனம் கணக்கை முடிக்க ஒரு குறியீட்டு எண் அனுப்பும். அது கணக்கில் உள்ள தொலைபேசிக்குத்தான் போகும். சேர்மன் இல்லாமல் காரியம் நடக்காது.

ஆகவே காவலுக்குக் கணவனை அனுப்பினாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளில் அவர் பேசும் வார்த்தைகளை அவருடைய பெட்டியில் இருக்கும் ஸ்பேனர்களைக்கொண்டு எண்ணிவிடலாம். உறையை அவருடைய உள்பையில் வைத்து, அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னாள்:

"அண்ணா, போ. பணத்தைக் குடு. லெட்டர் வாங்கு. வந்துடு. நடுவுல வேற எதுவும் பேசாதே."

"நான் எங்கேம்மா பேசறேன்" என்று தொடங்கிச் சேர்மன் ஒன்பது நிமிடம் பேசினார்.

*

பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சேர்மனும் மாப்பிள்ளையும் தலையணைக் கடைக்குப் பக்கத்துப் படிகளில் ஏறினார்கள். சேர்மன் அக்குளில் ஒரு கோப்பு. அதில் பதினேழு கடிதங்களின் நகல். சட்டைப்பையில் மடித்த உரை ஒன்று. கறுப்பு ஷூ.

மூன்றாம் படியில் மாப்பிள்ளையின் தொலைபேசி அடித்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் அழுகிறார்; மற்றவர் வழக்குப் போடுவேன் என்கிறார்.

மாப்பிள்ளை ஒரு நிமிடம் நின்றார். உள்ளே மாட்டிக்கொண்டவர்களையும் வெளியே நிற்கும் மைத்துனரையும் மாறி மாறி யோசித்திருக்க வேண்டும். பிறகு உறையை எடுத்து நீட்டினார்.

"மச்சான், குடுத்துட்டு லெட்டர் வாங்கிக்குங்க. அவ்ளோதான்."

"மாப்பிள்ளை, நீங்க மனுஷங்களைக் காப்பாத்துங்க. இதை நான் பார்த்துக்கறேன்."

லிஃப்டில் இருந்தவர்கள் இருபத்தைந்து நிமிடத்தில் காப்பாற்றப்பட்டார்கள்.

வசூல் அலுவலகம் என்பதைச் சேர்மன் மனத்தில் வேறு மாதிரி கட்டி வைத்திருந்தார். பெரிய மேஜை, மீசை, அதட்டல். உள்ளே இருந்ததோ பன்னிரண்டு தடுப்புகள், பன்னிரண்டு ஹெட்செட்டுகள், கீழ்க்கடையிலிருந்து வரும் பஞ்சு வாசனை. இருபத்து மூன்று வயதிருக்கும் ஒரு பெண் எழுந்து நாற்காலி போட்டாள். இரண்டு பக்கமும் சரியாக இருந்த சாதாரண நாற்காலி.

சேர்மன் உரையைப் பிரித்தார். முதல் வரியை வாசிக்குமுன் அவள் கேட்டாள்:

"சார், மொத்தம் எண்பத்து நாலாயிரம். முழுசா கட்டறீங்களா, இல்ல ஆஃபர்ல முடிச்சுக்கறீங்களா? அறுபது பர்சென்ட் கட்டினா போதும்."

கோட்டையை இடிக்க வந்தவருக்குக் கதவைத் திறந்து காபி வேணுமா என்று கேட்டால் எப்படி இருக்கும்? சேர்மன் உரையை மடித்துவிட்டார். அவருக்குள் இருந்த இன்னொருவர் விழித்துக்கொண்டார். மருத்துவமனைக் கட்டணத்தில் பேரம் பேசியவர், பத்திரிகைச் சந்தாவில் பேரம் பேசியவர், ஒரு தடவை தபால் நிலையத்தில் தபால்தலைக்குப் பேரம் பேசி வெளியே அனுப்பப்பட்டவர்.

அறுபது ஐம்பத்தைந்தானது. ஐம்பத்தைந்து ஐம்பதானது. பதினேழு கடிதங்களும் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. ஒன்பதாவது கடிதத்தில் அந்தப் பெண் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்து நாற்பது என்றாள். சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நாற்பது. முப்பத்து மூவாயிரத்து அறுநூறு. பழுப்பு உறையில் ஐம்பதாயிரத்து நானூறு மிச்சம்.

அந்தப் பெண்ணுக்கு மனசாட்சி இருந்தது. பொத்தானை அழுத்துமுன் ஒன்று சொன்னாள்.

"சார், குறைச்சுக் கட்டினா கிரெடிட் ரிப்போர்ட்ல அப்படித்தான் பதியும். முழுப் பணம் வரலைன்னு இருக்கும். பரவாயில்லையா?"

"பதியட்டும்மா. நல்லா பதியட்டும். நாளைக்கு யாராவது எடுத்துப் பார்த்தா தெரியணும் இல்ல, விட்டுக்கொடுத்தது நாங்க இல்லேன்னு."

அவள் பொத்தானை அழுத்தினாள். குறியீட்டு எண்ணைக் கேட்டாள். சேர்மன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு எண்களையும் உரக்கப் படித்தார்.

கடிதத்தை அச்சடித்து நீட்டினாள். அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். மொட்டையாக இருக்கிறது, பாக்கித் தொகையை நிறுவனம் தானாகக் கைவிட்டது என்பது தெளிவாக வர வேண்டும் என்றார். தானே சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். "ஐம்பதாயிரத்து நானூறை நிறுவனம் வசூலிக்க இயலாமல் கைவிடுகிறது" என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். முத்திரை இரண்டு இடத்தில் வாங்கினார்.

படியிறங்கும்போது சேர்மன் ஒரு அடி உயர்ந்திருந்தார். மனது நிறைந்திருந்தது. நிறைந்த மனது எதையாவது செய்யத்தான் செய்யும். கடைசிப் படியில் நின்று நாற்காலி ரிப்பேர்காரருக்குத் தொலைபேசி செய்தார். இடது மோட்டாரும் பெல்ட்டும் மாற்ற வேண்டும், பன்னிரண்டாயிரம் ஆகும் என்றார் அந்த ஆள். தலையணைக் கடைக்காரரின் தொலைபேசி வழியே அந்த ஆளுக்குப் பணத்தை உடனே அனுப்பி வைத்து, உறையிலிருந்த ரொக்கத்தைக் கடைக்காரர் கையில் எண்ணினார்.

பேரம் பேசவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆள் சொன்ன தொகையை முழுசாக, முன்னாலேயே, அப்படியே கொடுத்தார்.

*

மூன்றரை மணிக்கு மூவரும் வங்கியில் சந்தித்தார்கள். தங்கை பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். முழங்கைவரை பீங்கான் தூள். ஏலக்காரரின் பற்களை அனுப்பியாயிற்று. காலை ஆறு மணியிலிருந்து நிற்கிறாள். அண்ணன் கையில் கடிதத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஏதோ ஒன்று தளர்ந்தது.

"வாங்கிட்டியா?"

"வாங்கறதா? உள்ள வா, சொல்றேன்."

மாப்பிள்ளை மட்டும் உறையைப் பார்த்தார். காலையில் கொடுத்த உறை இன்னும் காலியாகாமல் தடித்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சேர்மன் அதிகாரியின் அறைக்குள் போய், அழைக்காமலே உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி கடிதத்தை ஒரு தடவை படித்தார். தடித்த எழுத்து வரியில் நின்றார். மறுபடியும் படித்தார்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான். வாசகம் என்னோடது" என்றார் சேர்மன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பேசியதில் கோபம் இல்லை; பல தடவை சொல்லிப் பழகிய களைப்புதான் இருந்தது. முழுசாகக் கட்டியிருந்தால் கணக்கு முடிந்ததாக இருக்கும். பழைய தாமதத் தழும்புகளோடு, ஆனால் முடிந்ததாக. இப்போது ஒரு கடன் கொடுத்தவர் நஷ்டப்பட்டுப் போனதாக இருக்கிறது. அந்த வரி ஏழு வருடம் வரைக்கும் ரிப்போர்ட்டில் இருக்கும். ஸ்கோருக்கும் நல்லதில்லை, அதைவிட, ரிப்போர்ட்டைப் படிக்கிற மனுஷருக்கு நல்லதில்லை.

"நான் படிக்கிறேன்னு வைங்க. போன தடவை ஒருத்தர் குடுத்த நூறுல நாற்பதுதான் திரும்ப வந்திருக்கு. நான் எந்த தைரியத்துல நூறு குடுப்பேன்?"

"மேடம், அது எங்க சாமர்த்தியம்" என்றார் சேர்மன்.

"ஆமா சார். அதைத்தான் பேங்க் படிக்குது."

 சேர்மன் ஆதரவுக்காக மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார்.

தங்கை அண்ணனைப் பார்க்கவே இல்லை. மீதியையும் இன்றைக்கே கட்டினால் என்ன ஆகும் என்று கேட்டாள். அதிகாரி ஒரு வழி சொன்னார். முழுசாகக் கட்டியதாக வேறு கடிதம் வாங்கி வந்தால், ரிப்போர்ட் திருந்த ஒரு மாதம் ஆனாலும், கடிதத்தை வைத்து நாளைக் காலை முதல் வேலையாக ஃபைலை எடுக்கிறேன். அதற்குமேல் தன்னால் முடியாது என்றார்.

வாசலுக்கு வந்ததும் தங்கை இரண்டு தொலைபேசி செய்தாள். வசூல் அலுவலகப் பெண், இன்றைய பதிவுகள் ஆறு மணிக்குத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும், அதற்குள் முழு மீதியும் வந்தால் மாற்றித் தருகிறேன், குறியீட்டு எண் மறுபடி வேண்டாம், ஆனால் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது என்றாள். அன்றைக்கு மத்தியானம் சேர்மனோடு பேசியதிலிருந்து அவளுக்கு அந்தக் கண்டிப்பு வந்திருந்தது. கூடத்தின் முதலாளி, காலை பத்து வரைக்கும் பொறுக்கிறேன், பத்தே காலுக்கு ரொக்கத்தோடு காத்திருப்பவர் வண்டியோடு வந்துவிடுவார் என்றார்.

மணி நாலரை. முடியக்கூடிய காரியம்தான். தங்கை கையை நீட்டினாள்.

"குடு."

சேர்மன் உறையைக் கொடுத்தார். அவள் நடைபாதையிலேயே எண்ணினாள். முப்பத்தெட்டாயிரத்து நானூறு. மறுபடி எண்ணினாள். பணத்துக்கு இரக்கம் கிடையாது. அதே தொகைதான் வந்தது.

"அண்ணா. மீதி பன்னிரண்டாயிரம்?"

அந்தப் பெரிய மனிதர் தொண்டையைச் செருமினார். ஆறு வருடத்தில் முதல் தடவையாகத் தொடக்கவுரை எதுவும் வரவில்லை.

"நாற்காலிக்கு" என்றார்.

மாப்பிள்ளை தன் பையைத் துழாவினார். மாதக் கடைசி. ஆயிரத்து எழுநூறு இருந்தது. இருநூறு லிஃப்டில் அழுதவர் கொடுத்தது; வழக்குப் போடுவேன் என்றவர், எப்போது என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எண்ணை மட்டும் கொடுத்திருந்தார். தங்கையிடம் பஸ் காசு. சேர்மனிடம் ஆட்டோ காசும் பதினேழு கடிதங்களும்.

"நாளைக்கு நானே நேர்ல போய்ப் பேசி..." என்று சேர்மன் ஆரம்பித்தார்.

"நீங்க பேச வேணாம் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. அன்றைய கணக்கில் அது நீண்ட உரை.

*

ரிப்பேர்காரரைப் பிடித்துப் பணத்தைத் திருப்பி வாங்குவதுதான் ஒரே வழி. பைக்கில் தம்பதியும், பின்னால் ஆட்டோவில் சேர்மனும், அந்த ஆள் வேலைக்கு வரவிருந்த சேர்மன் வீட்டுக்கே போனார்கள். ஆட்டோக்காரர் கேட்ட தொகையைச் சேர்மன் பேசாமல் கொடுத்தார். அவருக்கே அது தெரிந்திருக்காது.

சேர்மனின் மனைவி கதவைத் திறந்தார். மூன்று முகங்களையும் பார்த்துவிட்டு, என்ன நடந்திருக்கும் என்பதில் முக்கால்வாசியைக் கேட்காமலே புரிந்துகொண்டார். முப்பது வருடப் பயிற்சி.

"அந்த ஆள் எங்க அண்ணி?"

"அவரா? ரெண்டு மணிக்கு வந்தார். ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டுப் போயிட்டார். இப்படி ஒரு நல்ல மனுஷனைப் பார்த்ததே இல்லை, பேரமே பேசாம முன்னாடியே குடுத்துட்டார்னு உங்க அண்ணனைப் பத்திப் பெருமையா பேசிட்டுப் போனார். நான் வேற யாரையோ சொல்றார்னு நினைச்சேன்."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து இருபது. ஹாலின் நடுவில் நாற்காலி இருந்தது, மெத்தென்று, கருப்பாக, எதுவும் அறியாததுபோல.

அண்ணி உள்ளே போய் அரிசி டப்பாவைத் திறந்து, அடியிலிருந்து மூவாயிரத்து நூறு எடுத்து வந்தார். அதை எண்ணிப் பார்க்கும்போது சேர்மனின் கண் விரிந்தது. அப்படி ஒரு வங்கி தன் வீட்டில் இயங்குவது அவருக்குத் தெரியாது. ஆக நாலாயிரத்து எண்ணூறு. இன்னும் ஏழாயிரத்து இருநூறு வேண்டும்.

மாப்பிள்ளை மேஜையில் இருந்த பணத்தை எல்லாம் எடுத்துப் பழுப்பு உறையில் போட்டார். தொலைபேசியில் யாரையோ கூப்பிட்டு, "காலைல சொன்னீங்களே, அது இப்ப" என்று மட்டும் சொன்னார். ஹெல்மெட்டை மாட்டினார்.

"ஏங்க, எங்க போறீங்க?"

"லெட்டர் வாங்க."

"யார்கிட்ட கேட்டீங்க? யாருங்க அது?"

பைக் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. பதில் கேட்கவில்லை.

சேர்மன் சுவரோரமாக நின்றார். எங்கே உட்காருவது என்று தெரியாதவர்போல இருந்தது. இத்தனை வருடமாக அவருக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. நல்லதுக்குத்தானேம்மா செய்தேன், உன் பணம் மிச்சமாகட்டும் என்றுதானே என்று மெதுவாகச் சொன்னார். அது உண்மை என்பதுதான் தங்கையை இன்னும் படுத்தியது. திட்டுவதற்குக்கூட வழியில்லாமல் போயிற்று.

ஐந்து முப்பத்தைந்து. அவள் தொலைபேசியைப் பார்த்தாள். ஐந்து நாற்பது. கணவனிடமிருந்து எதுவும் இல்லை. ஐந்து நாற்பத்து மூன்று. பன்னிரண்டு மணி நேரமாக நின்ற கால்கள் இனி முடியாது என்றன. ஹாலில் வேறு இருக்கை காலியாக இல்லை. சோபாவில் பதினேழு கடிதங்கள் பரப்பியிருந்தன.

அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் பெயரில் வாங்கிய பொருளில் ஆறு வருடம் நான்கு மாதத்தில் முதல் தடவையாக. தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணி பொத்தானை அழுத்தினார்.

இடது பக்கம் வேலை செய்தது.